செல்லுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது
மூன்றாம் செமஸ்டர் எலெக்டிவ். வகுப்பில் பாதிப் பேர் பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் பக்கம் போய்விட்டார்கள், மார்க் தாராளமாக வருமாம். நான் செல் கல்ச்சர் எடுத்தேன், அதாவது உயிரணுக்களை உடலுக்கு வெளியே ஃபிளாஸ்கில் வளர்ப்பது. 37 டிகிரி சூடு, 5 சதவீதம் கார்பன் டை ஆக்சைடு, நேரத்துக்குச் சாப்பாடு, கிட்டத்தட்ட கைக்குழந்தைதான்.

நேற்று இன்குபேட்டரைத் திறந்தால் ஒரு ஃபிளாஸ்கில் இளஞ்சிவப்பு மீடியம், செல்களுக்கான சத்துத் திரவம், மஞ்சளாகிக் கலங்கிக் கிடக்கிறது. பாக்டீரியா. கையுறையோடு போனைத் தொட்டது நான்தான், வேறு யாரைச் சொல்ல? பிளீச் ஊற்றிக் கொட்டினேன்.

நல்லவேளை, பக்கத்து ஃபிளாஸ்கில் ஹீலா செல்கள் தப்பித்தன. 1951இல் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் புற்றுக்கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே எடுத்தவற்றின் வழிவந்தவை. அதே ஆண்டு அவர் இறந்துவிட்டார். இன்று காலை மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன், ஒரு செல் உருண்டு திரண்டு இரண்டாகப் பிரிந்துகொண்டிருந்தது.