அத்தையிடமும் கேட்டேன்

"எனக்கும் இப்படித்தான் இருந்தது, கல்யாணமானால் சரியாகிவிடும்" என்று, மாதந்தோறும் சுருண்டு படுத்துக் கிடந்த என்னிடம் அம்மா சொல்வார். அம்மாவிடம் பாட்டியும் அதையேதான் சொல்லியிருக்கிறார். 31 வயதில், வயிற்றில் சிறு துளையிட்டுக் கருவியால் உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பி செய்து எனக்கு எண்டோமெட்ரியோசிஸ் என்று உறுதியான பிறகுதான், ஆறுதலாக நாங்கள் கேட்டு வளர்ந்த அந்த வாக்கியம் உண்மையில் எங்கள் குடும்பத்தின் நோய் வரலாறு என்பது எனக்கு உறைத்தது. அதற்கு முன், "குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா?" என்று மருத்துவர் கேட்டபோது, "இல்லை" என்றே பதில் சொல்லியிருந்தேன்.

கருப்பையின் உட்படலத்தை ஒத்த திசு கருப்பைக்கு வெளியே வளர்வதே இந்நோய். ஒரு பெண்ணுக்கு இது வந்து இன்னொருத்திக்கு வராமல் போகும் வேறுபாட்டில் ஏறக்குறையப் பாதி மரபணுக்களைச் சார்ந்தது என்று, ஆஸ்திரேலிய இரட்டைச் சகோதரிகளைக் கொண்டு நடத்தி 1999இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. ஆயினும் இதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 60,000க்கும் மேற்பட்ட நோயாளிகளின் மரபுத் தகவல்களை ஆராய்ந்து 2023இல் வெளியான பன்னாட்டு ஆய்வு, இந்நோயோடு தொடர்புடைய 42 இடங்களை டி.என்.ஏ.வில் சுட்டியதோடு, ஒற்றைத் தலைவலிக்கும் முதுகுவலிக்கும் இதற்கும் பொதுவான மரபுக்கூறுகள் இருப்பதையும் காட்டியது. ஒவ்வோர் இடத்தின் பங்கும் மிகச் சிறியது என்பதால், மரபணுவைப் பரிசோதித்து இந்நோயை உறுதிசெய்யும் வழி இன்னும் வரவில்லை. அதனால்தான் வீட்டுப் பெண்கள் வாய்திறந்து சொல்லும் சேதிக்கு இவ்வளவு மதிப்பு இருக்கிறது.

அக்காவுக்குக் கர்ப்பப்பையில் நார்க்கட்டி. "அதுவும் என்னிடமிருந்துதான் வந்ததா?" என்று அம்மா கலங்கியபோது, என்னால் ஓரளவு தேற்ற முடிந்தது. 2011இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் தாங்கள் சோதித்த நார்க்கட்டிகளில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மெட்12 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பதைக் கண்டார்கள். அம்மாற்றம் கருப்பைத் தசையின் ஒரு செல்லில் வாழ்நாளின் இடையே தோன்றுவது. தாய் கொடுத்து வருவதன்று. நார்க்கட்டி வரும் போக்கு சில குடும்பங்களில் கூடுதலாக இருப்பது உண்மையே. அரிதாக, எஃப்.எச். என்னும் மரபணுவின் பிறவிப் பிழையால் இளவயதிலேயே பல கட்டிகள் வருவதோடு சிறுநீரகப் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடுகிறது. அப்படிப்பட்ட குடும்ப வரலாறு இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லிவிட வேண்டும்.

நாம் நீர்க்கட்டி என்று சொல்லும் பிசிஓஎஸ்ஸில் மரபின் பங்கு இன்னும் பெரிது. நெதர்லாந்தின் இரட்டையர் ஆய்வொன்று அதை 70 விழுக்காட்டுக்கு அருகில் மதிப்பிட்டது. இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பாதி மரபணுக்கள் அப்பாவிடமிருந்து வருகின்றன; தனக்கு நோய் வர வாய்ப்பே இல்லாத ஓர் ஆண், தன் தாயிடமிருந்து பெற்றதை மகளுக்குக் கொடுத்துவிட முடியும். நாமோ அம்மா வழியை மட்டுமே விசாரித்து, அம்மாவை மட்டுமே குற்றவாளியாக்குகிறோம்.

அதனால்தான் சென்ற மாதம் அப்பா வழி அத்தையிடம் தொலைபேசியில் பேசினேன். மாதவிடாயில் அளவுக்கு மீறி ரத்தம் போகும் பெரும்பாடு தாங்க முடியாமல் 38 வயதில் கர்ப்பப்பையை எடுத்துவிட்டார்கள் என்று, இத்தனை ஆண்டுகளில் முதன்முறையாகச் சொன்னார். அக்கா மகளுக்கு இப்போது 13 வயது. அவளுடைய மருத்துவக் கோப்பின் முதல் பக்கத்தில் பாட்டி, அம்மா, அக்கா, நான் என்ற வரிசைக்குக் கீழே அத்தையின் வயதையும் எழுதி வைத்திருக்கிறேன்.