மூன்றாம் மாடிக்கு ஒரு பேஸ் ஆம்ப்

ஜூன் 8, 2024, சனி

என் பேஸ் கிடாருக்கான பழைய காம்போ ஆம்ப் (ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் உள்ள வகை) இன்று கைமாறியது. 15 அங்குல ஸ்பீக்கர், கிட்டத்தட்ட 30 கிலோ. நல்ல ஆம்ப், வாங்கிப் போனவரும் அருமை தெரிந்தவர். ஆனால் சூளைமேட்டில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில், அதை வைத்துக்கொண்டு இனியும் காலம் தள்ள முடியாது.

அடுத்தது என்ன என்று தேடத் தொடங்கியாயிற்று. தெரிந்துகொள்வதை அவ்வப்போது இங்கே எழுதிவைக்கிறேன். வாடகை ஃப்ளாட்டில் பேஸ் வாசிக்கும் வேறு யாருக்காவது பயன்பட்டால் நல்லது.

என் தேவை பெரிதில்லை. தினமும் வீட்டில் பயிற்சி. அறை 12க்கு 10 அடி, கட்டிலும் பீரோவும் போக மிச்சம் இருப்பதுதான் எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச். அவ்வப்போது ஒரு காபி கடையிலோ கல்யாண வரவேற்பிலோ வாசிப்பு. எதை வாங்கினாலும் ஒரு கையில் தூக்கிப் படியேற வேண்டும், ஸ்கூட்டரில் காலுக்கு முன்னால் நிற்க வேண்டும். கீழ் வீட்டு அக்கா நர்ஸ். நைட் ட்யூட்டி முடித்துப் பகலில் தூங்குபவர். அவர் தூக்கத்தையும் இந்தக் கணக்கில் சேர்த்துத்தான் ஆம்ப் வாங்கப் போகிறேன்.

ஜூன் 11, செவ்வாய்

பேஸ் ஆம்ப் ஏன் அவ்வளவு கனமாக இருந்தது, இப்போது எப்படி இளைத்தது என்று படித்துக்கொண்டிருந்தேன்.

1969இல் ரோலிங் ஸ்டோன்ஸின் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் மேடையேறிய ஆம்பெக் எஸ்விடி 300 வாட் வால்வு ஆம்ப், டிரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடிக் குழாய்களால் ஓடுவது. ஹெட், அதாவது ஸ்பீக்கர் இல்லாத ஆம்ப் பகுதி, மட்டுமே 40 கிலோவை நெருங்கும். எட்டு 10 அங்குல ஸ்பீக்கர் கொண்ட அதன் கேபினட்டை (ஸ்பீக்கர் பெட்டியை) ஒரே ஆள் படியேற்றுவது நடக்காத காரியம். அந்த எடையில் பெரும்பங்கு இரும்புதான். 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நேராக வேலை செய்யும் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பெரிய இரும்பு உள்ளகம் தேவை. இப்போதைய ஸ்விட்சிங் பவர் சப்ளை அதே மின்சாரத்தை முதலில் மிக அதிக அலைவெண்ணுக்கு மாற்றிவிடுகிறது. அந்த அலைவெண்ணில் தீப்பெட்டி அளவு டிரான்ஸ்ஃபார்மரே போதும். செல்போன் சார்ஜர் இவ்வளவு சிறிதானதும் இதே வழியில்தான்.

ஆம்ப் இளைத்த கதையில் இன்னொரு பாதி கிளாஸ் டி என்ற ஆம்ப் வகை. டிரான்சிஸ்டர்கள் பாதி திறந்தும் பாதி மூடியும் நின்று சூடாவதற்குப் பதிலாக, வினாடிக்கு லட்சக்கணக்கான முறை முழுதாகத் திறந்து முழுதாக மூடுகின்றன. வீணாகும் வெப்பம் குறைவு, அதனால் சூட்டை வெளியேற்றும் கனமான அலுமினியச் சீப்புகள் வேண்டாம். ஸ்பீக்கர் பக்கம் ஃபெரைட் காந்தத்தின் இடத்தில் நியோடிமியம் வந்து மேலும் சில கிலோ குறைந்தது. விலை மட்டும் கூடியது.

இளைத்த ஆம்பில் பழைய கனமான ஓசை வராது என்று சொல்பவர்கள் உண்டு. பெரிய மேடைக்கு அந்த வாதம் இருக்கட்டும். 12க்கு 10 அறையில் அதற்கு இடமில்லை.

ஜூன் 13, வியாழன்

வாட் கணக்கு. கடைக்காரர்களும் நண்பர்களும் முதலில் கேட்பது இதைத்தான், வீட்டுக்கு மிகக் குறைவாக முக்கியமாவதும் இதுதான். வாட் இரண்டு மடங்கானால் 3 டெசிபல் கூடும், காதுக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஓசை இரு மடங்காகத் தோன்ற வாட் பத்து மடங்கு வேண்டும். 40 வாட்டுக்கும் 400 வாட்டுக்கும் நடுவே உள்ள தூரம் அவ்வளவே. வீட்டுப் பயிற்சியில் பெரும்பாலும் ஒரு வாட்டைக்கூடத் தாண்டுவதில்லை.

ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை) விஷயம் அப்படி இல்லை, கவனமாகப் பார்க்க வேண்டும். 200 வாட் என்று எழுதியிருந்தால் அது பெரும்பாலும் 4 ஓமில். 8 ஓம் கேபினட் ஒன்றை மட்டும் மாட்டினால் கிடைப்பது அதில் பாதிக்குச் சற்று மேல். இரண்டு 8 ஓம் கேபினட்டைச் சேர்த்து மாட்டினால் 4 ஓம். ஹெட் குறிப்பிடும் அளவுக்குக் கீழே போகக் கூடாது.

நியூ ஜெர்சியில் இருக்கும் அத்தை மகன் போன் செய்தான். "அண்ணா, அடுத்த மாசம் வரேன், பெட்டியில இடம் இருக்கு, அங்க வாங்கிட்டு வரவா?" என்றான். ஆசையாகத்தான் இருந்தது. பின்பக்கத் தகட்டில் 100 முதல் 240 வோல்ட் என்று இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொன்னேன். அமெரிக்கக் கடைகளில் 120 வோல்ட் மட்டும் ஏற்கும் ஆம்புகளும் இருக்கின்றன. அதை இங்கே 230இல் செருகினால் அன்றோடு சரி. ஸ்விட்சிங் சப்ளை என்றாலே எல்லா வோல்ட்டேஜும் ஏற்கும் என்று நம்பிவிடக் கூடாது. தகடு சொல்வதுதான் கணக்கு.

ஜூன் 16, ஞாயிறு

சர்ச்சில் இன்று ஆம்ப் இல்லாமல் டிஐ பெட்டி வழியாக வாசித்தேன். பேஸ் நேராக மிக்சருக்குப் போய் ஹாலின் பெரிய ஸ்பீக்கர்களில் வந்தது. கூட்டம் கேட்பது எப்போதும் அதைத்தான், என் பக்கத்தில் இருக்கும் ஆம்ப் எனக்கும் டிரம்மருக்கும் மட்டும். ஆகவே மிக்சருக்கு நேராக அனுப்பும் எக்ஸ்எல்ஆர் டிஐ அவுட் இல்லாத ஆம்ப் எனக்கு வேண்டாம். கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச்சும் வேண்டும். மிக்சர் ஒரு பிளக்கிலும் ஆம்ப் வேறொரு பிளக்கிலும் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் வந்துவிடும், அந்தச் சுவிட்ச் பல நேரம் அதை அடக்கிவிடும்.

வீட்டுக்கு வரும் வழியில் ஒன்று தோன்றியது. ஹெட்டும் கேபினட்டும் தனித்தனியாக இருந்தால், கேபினட் வீட்டிலேயே இருக்கட்டும். சர்ச்சுக்கு ஹெட்டை மட்டும் கிடார் பையின் ஜிப் அறையில் போட்டுக்கொண்டு போகலாம். வால்வு ஆம்பை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டக் கூடாது. டிரான்சிஸ்டர், கிளாஸ் டி வகைகளுக்குப் பொதுவாக அந்தத் தொல்லை இல்லை.

ஜூன் 20, வியாழன்

மவுண்ட் ரோட்டில் ஒரு கடையில் மாலை முழுக்க வாசித்துப் பார்த்தேன். அங்கிருந்த தம்பி பொறுமைசாலி. "சார், வால்யூம் ஏத்திப் பாருங்க, அப்பத்தான் தெரியும்" என்றார். நான் குறைக்கத்தான் சொன்னேன். வீட்டில் எந்த அளவில் வாசிப்பேனோ அந்த அளவில் கேட்டால்தானே எனக்குத் தேவையானது தெரியும்?

குறைந்த வால்யூமில் காது பேஸைக் கைவிட்டுவிடுகிறது. 1000 ஹெர்ட்ஸ் ஒலி 2, 3 டெசிபலிலேயே கேட்கும். பேஸின் மிகத் தடித்த ஈ தந்தியின் அடிநாதம், அதாவது அதன் அடிப்படை அலைவெண், 41 ஹெர்ட்ஸ். அந்த அலைவெண்ணில் 50 டெசிபல் வந்தால்தான் ஏதோ இருப்பதே தெரியும். சத்தம் குறைத்து வாசிக்கும்போது பேஸ் மெலிந்து கேட்பதற்குக் குறைசொல்ல வேண்டியது ஆம்பை அல்ல.

4 அங்குல ஸ்பீக்கர் இரண்டு கொண்ட ஃபில் ஜோன்ஸ் ஆம்ப் என்னை நிறுத்தி வைத்துவிட்டது. அவ்வளவு சின்னப் பெட்டியிலிருந்து ஒவ்வொரு ஸ்வரமும் உரித்துவைத்தது போல் வந்தது. 41 ஹெர்ட்ஸ் அதில் பெரிதாக இருக்காது. 82, 123 என்று அதன் மடங்குகளாக மேலே உள்ள கிளைநாதங்கள் தெளிவாக வந்தால் அடிநாதத்தை மூளையே இட்டு நிரப்பிக்கொள்கிறது. இளையராஜாவின் பாடல்களில் சசிதரன் வாசித்த பேஸை நாம் டீக்கடை ரேடியோவில் கேட்டே மனப்பாடம் செய்யவில்லையா? அந்த ரேடியோவின் ஸ்பீக்கர் 41 ஹெர்ட்ஸைத் தொட்டிருக்கவே முடியாது.

ஃபெண்டர் ரம்பிள் 40யும் வாசித்தேன். 10 அங்குலம், 8 கிலோ சொச்சம், டிஐ, ஹெட்போன், பாட்டு ஓடவிட ஆக்ஸ், எல்லாம் உண்டு. முதல் ஆம்ப் வாங்கும் யாருக்கும் தயங்காமல் அதைச் சொல்வேன். என் படிக்கட்டுக் கணக்குக்கு மட்டும் தனி ஹெட் இன்னும் சரியாக வருகிறது. ட்ரேஸ் எலியட் எல்ஃப் ஹெட்டைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோகூட இல்லை, 4 ஓமில் 200 வாட்.

கடைக்குப் போகிறவர்கள் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் பாருங்கள். வால்யூம் குமிழ் பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவே எப்படி நடந்துகொள்கிறது? சில ஆம்புகள் அங்கே ஒரே தாவாகத் தாவும், ஃப்ளாட்டுக்கு அது உதவாது. இரண்டாவது, வாசிக்காமல் சும்மா விட்டால் வரும் உஸ் சத்தமும் ஃபேன் சத்தமும். கடை இரைச்சலில் தெரியாது, இரவு பத்து மணிக்கு வீட்டில் நன்றாகவே தெரியும்.

ஜூன் 29, சனி

ஹெட் வந்துவிட்டது. ஒரு 10 அங்குல நியோடிமியம் கேபினட்டும் பழையதாக நல்ல நிலையில் கிடைத்தது. 8 ஓம், ஒரு கையில் மூன்று மாடி ஏறிவிட்டேன்.

முக்கியமான வேலை இன்றுதான் நடந்தது. எங்கள் டிரம்மரை மேலே பேஸோடு உட்காரவைத்துவிட்டு, நான் கீழே போய் அக்கா வீட்டில் உட்கார்ந்தேன். போனில் அவனுக்குச் சொல்லச் சொல்ல ஒவ்வொரு ஸ்வரமாக வாசித்தான். ஜி, டி தந்திகள் கீழே வரவே இல்லை. ஈ தந்தியும் மங்கலாகத்தான் வந்தது. திறந்த ஏ தந்தியை அடித்ததும் சமையலறை ஸ்டாண்டில் செருகியிருந்த எவர்சில்வர் தட்டுகள் கிர்ரென்று பேசின.

"பாட்டுன்னு தெரிஞ்சா பரவாயில்ல தம்பி. ஒரே இடத்துல டும் டும்னு இடிக்குது பாருங்க, அதுதான் தூங்க விடமாட்டேங்குது" என்றார் அக்கா.

ஏன் ஏ மட்டும்? மேலே வந்து கணக்குப் போட்டேன். அறையின் நீளம் அலைநீளத்தில் பாதியாக அமையும் ஸ்வரம் அறைக்குள் வீங்கும். 12 அடிக்கு அது ஏறத்தாழ 47 ஹெர்ட்ஸ், எஃப் ஷார்ப் பக்கம். 10 அடிக்கு 56, 57. ஏ தந்தி 55. எங்கள் கூரை உயரமும் ஏறக்குறைய 10 அடிதான், அதனால் அதே ஸ்வரத்துக்கு இரட்டை வீக்கம்.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஏ சுவரோரத்தில் நெஞ்சில் இடிக்கும், அறையின் நடுவில் நின்றால் பாதிக்கு மேல் காணாமல் போய்விடும். நடுவில் நாற்காலி போட்டு வாசிப்பவர் பேஸ் போதவில்லை என்று குமிழைத் திருப்பிக்கொண்டே போவார். ஏறியது அவ்வளவும் சுவருக்கும் தரைக்கும் போய்ச் சேரும்.

செல்போன் டெசிபல் ஆப்பையும் இதற்கு நம்ப முடியாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்கின்றன. அந்த அளவீடு ஏ வெயிட்டிங் முறையில், அதாவது காதுக்குக் குறைவாகக் கேட்கும் தாழ்ந்த ஒலியைக் குறைத்தே எண்ணும் முறையில் (ஏ தந்திக்கும் இதற்கும் தொடர்பில்லை). 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபலைக் கழித்துவிட்டுத்தான் எண்ணைக் காட்டும். ஆப் 50 என்று பச்சையில் காட்டும்போதே கீழே தட்டுகள் ஆடும்.

ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தோம். கேபினட்டுக்கு அடியில் ரப்பர் பேட் வைத்ததில் தரை அதிர்வு குறைந்தது, ஏ அடங்கவில்லை. மூலையிலிருந்து நகர்த்தி நீளச் சுவரில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி வைத்தபோது வித்தியாசம் தெரிந்தது. கேபினட்டை ஸ்டூலில் ஏற்றிக் காதுப் பக்கம் சாய்த்ததும் டிரம்மர் தானாகவே வால்யூமைக் குறைத்தான். கடைசியாக அவனுடைய ஹை பாஸ் பெடலை பேஸுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் போட்டு 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினோம். கீழே போய் நின்றேன். தட்டுகள் பேசவில்லை. "வாசிக்கிறாரா?" என்று அக்கா கேட்டார். வாசித்துக்கொண்டுதான் இருந்தான்.

ஜூலை 7, ஞாயிறு

ஒரு வாரம் இதிலேயே ஓடியது. அக்காவின் ட்யூட்டி அட்டவணையை வாட்ஸ்அப்பில் வாங்கிவைத்திருக்கிறேன். அவர் பகலில் தூங்கும் நாட்களிலும் இரவு ஒன்பதுக்கு மேலும் ஹெட்போன். நெடுநேரம் போடப்போவதால் காதை முழுதாக மூடும் வகையாக வாங்கினேன். மற்ற நேரங்களில் ஸ்பீக்கர், ஆனால் ஹை பாஸ் எப்போதும் ஆனில். எனக்கென்று அந்தப் பெடல் ஒன்று சொல்லியாயிற்று.

செலவுக்குப் பணம் குறைவாக இருந்தால் என் வரிசை இது: முதலில் நல்ல ஹெட்போன் அவுட்டும் டிஐயும் உள்ள ஹெட், அடுத்து ஹை பாஸ், கேபினட் கடைசியில். பெரும்பாலானோர் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள், அது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஹெட்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவே கிடார் கேபிளைப் போடாதீர்கள். ஸ்பீக்கர் கேபிள் என்றே கேட்டு வாங்குங்கள், கிடார் கேபிளின் மெல்லிய கம்பி அந்த மின்னோட்டத்துக்கானதல்ல.

சர்ச்சுக்கு இன்று பேஸும் ஹெட்டும் ஒரே பையில் போயின. சவுண்ட் பார்ப்பவர் கேபிளைச் செருகிவிட்டு "ஆம்ப் எங்க பிரதர்?" என்று தேடினார். ஸ்டாண்டின் மேல் இருந்ததைக் காட்டினேன். அடுத்தது காபி கடை. அங்கே மிக்சர் கிடையாது, கேபினட்டைத்தான் இறக்க வேண்டும். அதற்கு ஒரு கேன்வாஸ் உறை தைக்க டெய்லரிடம் அளவு கொடுத்திருக்கிறேன்.