சைக்கிளில் புதையல் வேட்டை: எதைத் தேடுவது, எதை விட்டுவிட்டுப் போவது

ஒருவர் ஒளித்துவைத்த டப்பாவை ஜி.பி.எஸ். உதவியோடு தேடிப்பிடித்து, உள்ளே இருக்கும் தாளில் கையெழுத்துப் போடும் ஆட்டம் ஜியோகேச்சிங். இதில் ஒரு டப்பாவுக்கும் அடுத்த டப்பாவுக்கும் நடுவே குறைந்தது 161 மீட்டர் இருக்க வேண்டும் என்பது விதி. மைலில் பத்தில் ஒரு பங்கு. நடந்து தேடுகிறவருக்கு இது தாராளமான இடைவெளி. சைக்கிள்காரருக்கோ வம்பே இதில்தான். நெருக்கமாக வைத்திருக்கும் பாதையில் கிலோமீட்டருக்கு ஆறு டப்பா வரை வரும். ஒவ்வொன்றுக்கும் இறங்கி, நிறுத்தி, தேடி, கையெழுத்துப் போட்டு ஏறினால் எட்டு நிமிடம். வண்டி ஓட்டுவதே மறந்துபோகும்.

ஆட்டம் பிறந்த கதை இரண்டு வரியில். பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை 2000 மே 2 அன்று நீக்கியது. மறுநாளே டேவ் உல்மர் என்பவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளியை ஒளித்துவைத்து, அதன் ஆயத்தொலைவை இணையத்தில் போட்டார். வாளி பாதி மண்ணில் புதைந்திருந்தது, உள்ளே ஒரு பீன்ஸ் டின்னும் இருந்தது. இன்றைய விதிப்படி இரண்டுமே தப்பு: மண்ணைத் தோண்டக்கூடாது, தின்பண்டம் வைக்கக்கூடாது.

இனி பாதைக்கு வருவோம். அமெரிக்காவில் கம்பர்லேண்டிலிருந்து பிட்ஸ்பர்க் வரை 150 மைல், அதாவது சுமார் 240 கி.மீ. ஓடும் கிரேட் அலெகெனி பாசேஜ், பழைய ரயில் தடங்களின் மேல் போட்ட சைக்கிள் பாதை. பெரும்பகுதி நொறுக்கிய சுண்ணாம்புக்கல் தரை. கம்பர்லேண்டிலிருந்து கிழக்குக் கண்டப் பிரிமேடு, அதாவது மழைநீர் இரு திசையாகப் பிரிந்து ஓடும் மேடு வரை சுமார் 38 கி.மீ. ஏற்றம். உச்சி 729 மீட்டர். அங்கிருந்து பிட்ஸ்பர்க் வரை தெரிந்தும் தெரியாத இறக்கம்.

தேடுவதானால் அந்த ஏற்றத்தில் தேடுங்கள். சராசரிச் சரிவு ஒன்றரை சதவீதத்துக்கும் கீழேதான், ஆனால் விடாமல் ஏறும். மணிக்கு 10, 12 கி.மீ. வேகத்தில் மூச்சு வாங்கும்போது நிற்பது ஓய்வு. இறக்கத்தில் நிற்பது வீண்: பிரேக் தேயும், வேகம் போகும், டப்பா இருக்கும் இடத்தைத் தாண்டித்தான் கவனிப்பீர்கள். 38 கி.மீ.க்கு மூன்றரை மணி நேரம், 12 டப்பாவுக்கு ஒன்றரை மணி நேரம், சாப்பாட்டுக்கு அரை மணி என்று வையுங்கள். ஒரு பகலுக்கு அது போதும்.

எந்தப் பன்னிரண்டு என்பதை முந்தின இரவே முடிவு செய்துவிட வேண்டும். பாதைக்குப் போய் ஃபோனில் ஆட்டத்தின் செயலியைத் திறந்து யோசிப்பது வேலைக்காகாது. ஒவ்வொரு டப்பாவுக்கும் தேடல் கடினம், நிலக் கடினம் இரண்டுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. இரண்டும் 2க்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். தேடியவர்கள் இணையத்தில் போட்ட கடைசி இரண்டு பதிவும் ‘கிடைக்கவில்லை’ என்றிருந்தால் அதைக் கழித்துவிடுங்கள், பெரும்பாலும் டப்பா காணாமல் போயிருக்கும். அப்புறம் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஜி.பி.எஸ். முள் காட்டுவது பறவை பறக்கும் தூரம். 40 மீட்டர் என்று காட்டும், ஆனால் அது உங்கள் தலைக்கு மேலே ஓடும் சாலையோரத்தில் இருக்கும்.

தேர்ந்தெடுத்ததையெல்லாம் விவரம், குறிப்பு, படத்தோடு ஃபோனில் இறக்கிவையுங்கள். ஆண்ட்ராய்டில் சி:ஜியோ என்ற செயலி இதை நன்றாகவே செய்யும். பள்ளத்தாக்குகளில் டவர் சரியாகக் கிடைக்காது. அதைத் தேடித்தேடியே பேட்டரி காலியாகும். விமானப் பயன்முறையில் போட்டால் ஜி.பி.எஸ். மட்டும் வேலை செய்யும், முதல் நிலை பிடிக்கக் கொஞ்சம் தாமதமாகும், அவ்வளவுதான்.

இடத்தை நெருங்கும்போது எல்லாரும் செய்யும் தப்பு, முள் பூஜ்யத்துக்கு வரும்வரை ஃபோனைப் பார்த்துக்கொண்டே போவது. திறந்த வெளியில் 3 முதல் 5 மீட்டர் பிழை இருக்கும், மரத்தடியிலும் பாறையோரத்திலும் இன்னும் கூடும். ஒளித்தவரின் கருவியிலும் அதே பிழை இருந்திருக்குமே. ஆக 10 மீட்டர் வட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் முன்பே இறங்கி, சைக்கிளைப் பாதையை விட்டு ஓரம் தள்ளி நிறுத்துங்கள். ஓரத்து மண்ணில் ஸ்டாண்ட் புதைந்து வண்டி சாயும், பழைய பாட்டில் மூடி ஒன்றை ஸ்டாண்டுக்கு அடியில் கொடுத்தால் நிற்கும். ஒரு நிமிடம் சும்மா நில்லுங்கள், முள் நிதானத்துக்கு வரும். பிறகு ஃபோனைப் பைக்குள் போட்டுவிட்டுக் கண்ணால் தேடுங்கள்: இயல்பாக விழாத மாதிரி அடுக்கிய குச்சிகள், மரத்தின் வேரடிப் பொந்தை அடைத்த கல், வேலிக் கம்பத்தின் கழன்று வரும் மூடி. ஆயத்தொலைவில் கடைசி இலக்கம், அதாவது பாகையின் நிமிடத்தில் ஆயிரத்தில் ஒன்று, வடக்கு தெற்காக 1.85 மீட்டர். அதைவிடத் துல்லியத்தை அந்த எண்ணே தராது.

கிடைத்தது விரல் நுனி அளவு உலோகக் குழாய் என்றால் பொறுமை வேண்டும். திருகைத் திறந்ததும் ரப்பர் வளையம் கீழே விழாமல் பிடித்துக்கொள்ளுங்கள், அது தொலைந்தால் அடுத்த மழையில் தாள் கூழாகிவிடும். உள்ளே சுருட்டிய தாளை விரலால் எடுக்கப் பார்த்தால் கிழியும், மெல்லிய இடுக்கி வேண்டும். எழுதி முடித்ததும் பேனா ரீஃபில் ஒன்றில் இறுக்கமாகச் சுற்றி உருவி எடுத்து உள்ளே விடுங்கள். எழுத பென்சில்தான். ஈரத் தாளில் பால்பாயிண்ட் வழுக்கும்.

கம்பர்லேண்டிலிருந்து ஃப்ராஸ்ட்பர்க் வரை பாதையின் பக்கத்திலேயே சுற்றுலா ரயில் தண்டவாளம் ஓடுகிறது. பிரஷ் சுரங்கத்தில் ரயிலும் சைக்கிளும் ஒரே குகைக்குள் போக வேண்டும். முள் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் காட்டினால் குறுக்கே போகாதீர்கள். ஓடும் ரயில் தடத்திலிருந்து சுமார் 46 மீட்டருக்குள் டப்பா வைக்கக்கூடாது என்பது அமெரிக்காவில் பொது வழக்கு, அதனால் தண்டவாளத்தை ஒட்டிக் காட்டினால் பெரும்பாலும் பிழை முள்ளில்தான் இருக்கும். பிரிமேட்டுக்கு முன்னால் வரும் பிக் சாவேஜ் சுரங்கம் ஒரு கிலோமீட்டர் நீளம். உள்ளே ஜி.பி.எஸ். செத்துவிடும், வெளியே வந்ததும் அது சுதாரிக்க அவகாசம் கொடுங்கள். குளிர்காலத்தில் இந்தச் சுரங்கத்தை மூடிவிடுவார்கள்.

கம்பர்லேண்டில் எதிர்ப்பக்கம் திரும்பினால் வாஷிங்டன் வரை சி அண்ட் ஓ கால்வாய்க் கரைப் பாதை, 184.5 மைல். அது தேசியப் பூங்கா நிலம். டப்பா வைக்கப் பூங்கா நிர்வாகம் சுலபத்தில் அனுமதிக்காது. பாறையையும் நிலத்தையும் பார்த்துக் கேள்விகளுக்கு விடை அனுப்பும் எர்த்கேச்சுக்கு டப்பாவே தேவையில்லை. சைக்கிளில் போகிறவருக்கு உண்மையில் இதுதான் தோது.

அரைக்கால் சட்டையோடு புதருக்குள் போகாதீர்கள். மூன்று மூன்று இலையாக வளரும் பாய்சன் ஐவி என்ற நச்சுச் செடி பட்டால் அதன் எண்ணெய் தோலில் கொப்புளம் கிளப்பும். கையுறையில் ஒட்டினால் ஹேண்டில்பாருக்கும் வந்துவிடும், அங்கிருந்து முகத்துக்கு. சீக்கிரம் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், ஹேண்டில்பாரையும் சேர்த்து. இங்குள்ள மான் உண்ணி லைம் நோயைப் பரப்பும். ராத்திரி முழங்கால் மடிப்பு, இடுப்பு, காதுக்குப் பின்னால் தடவிப் பாருங்கள்.

பத்து நிமிடம் தேடியும் கிடைக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள். கூச்சப்படாமல் ‘கிடைக்கவில்லை’ என்று பதிவு போடுங்கள். ஒளித்தவர் வந்து பார்ப்பது அதைப் படித்த பிறகுதான். அதே இடத்தில் வேறு டப்பாவை நீங்களே போட்டுவிட்டு வருவது மட்டும் வேண்டாம். பழையது இரண்டடி தள்ளி இருக்கும், அடுத்து வருகிறவர் இரண்டில் எது அசல் என்று முழிப்பார்.