தெறியை நான் பூட்டுவன்

பாரிசவாதம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்த மாமா வீட்டுக்கு வந்த கிழமை, அவரைப் பராமரிக்கத் திட்டம் எழுதுகிற வேலை என் தலையில் விழுந்தது. மச்சாள் லண்டனில், மச்சான் கனடாவில், மாமிக்கு முழங்கால் மடங்காது, பக்கத்து ஒழுங்கையில் இருப்பவன் நான் ஒருவன். பகலில் வந்து பார்க்க ஒரு அக்காவைப் பிடித்துத் தந்த இடம் கூடவே ஒரு தாளும் தந்தது. குளிப்பு, உடுப்பு, சாப்பாடு, மலசலகூடம், மருந்து, மனநிலை என்று கட்டங்கள், வேலை முடிய ஒவ்வொன்றிலும் சரி போட வேண்டும். முதல் கிழமைத் தாளை எடுத்துப் பார்த்தேன். ஏழு நாளும் எல்லாக் கட்டத்திலும் சரி, மனநிலைக்கும் சரி. அந்த ஏழு நாளில் இரண்டு நாள் மனிதர் ஒருவரோடும் ஒரு சொல் கதைக்கவில்லை.

சரி, நானே எழுதுகிறேன் என்று ஒரு கொப்பி வாங்கினேன். ஆஸ்பத்திரித் துண்டு, பிசியோதெரபியில் சொன்னது, மாமி சொன்னது எல்லாவற்றையும் சேர்த்து நல்ல தமிழில் மூன்று பக்கம். 'நோயாளிக்கு வலது பக்கம் பலவீனம். நோயாளியைக் காலை ஏழு மணிக்குக் குளிப்பாட்டவும். நோயாளிக்கு இலகுவான ரீசேட் அணிவிக்கவும்.' எழுதியதைப் படம் எடுத்து மச்சாளுக்கு அனுப்பினேன். அவள் அங்கே பராமரிப்பு வேலைதான் செய்கிறாள். இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒருவருக்கு உள்ளூராட்சி சபை இப்படித் திட்டம் போடுவதென்றால் அந்த ஆளையும் சேர்த்துக்கொண்டுதான் போட வேண்டும், எழுதி முடித்த பிரதியை அவர் கையில் கொடுக்கவும் வேண்டும். அவள் கேட்டது ஒரே கேள்வி: "நீ அப்பாவைக் கேட்டியா?"

கேட்கவில்லை.

அன்று பின்னேரம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்து மாமாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஒரு பக்கம் முடிய முதலே இடது கையைத் தூக்கி நிறுத்தினார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவருக்குச் சொல் வெளியே வரக் கொஞ்சம் நேரம் எடுக்கும், எனக்கோ பொறுமை இல்லை, அவர் தொடங்கிய வசனத்தை நான் முடித்துவிடுவேன், முக்கால்வாசி நேரம் பிழையாக. அன்றைக்கு ஏனோ வாயை மூடிக்கொண்டு இருந்தேன். நல்ல நேரம் போய்த்தான் வந்தது. "ஆர்... இந்த... நோயாளி?"

பழைய மூன்று பக்கத்தையும் கிழித்தேன். புதியது 'நான்' என்று தொடங்கியது. முதல் வரி, அவர் சொல்ல நான் எழுதியது: 'நான் கதைக்க நேரம் எடுப்பேன். எனக்கு எல்லாம் விளங்கும். என் வசனத்தை நீங்கள் முடிக்க வேண்டாம்.' சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தார்.

மாமா டெயிலர். நாற்பது வருசத்துக்கு மேல் யாழ்ப்பாணத்தில் சேட்டும் காற்சட்டையும் தைத்த கை, இப்போது மடியில் கிடக்கிறது. (ரெடிமேட், அளவெடுத்துத் தைத்தது என்ற ஒப்பீட்டை நான் சொல்லப்போவதில்லை. அவர் அதை வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் சொல்லி எங்களுக்கு அலுத்துவிட்டது.) அவருக்கு ரீசேட் போடச் சொல்லி எழுதியவன் நான். போட்டால் இரண்டு நிமிச வேலை, அக்காவுக்கும் லேசு. ஆனால் அந்த ஆள் வாழ்நாளில் ரீசேட் போட்டுப் படலையைத் தாண்டினவர் இல்லை. அவர் கதைக்காமல் இருந்த அந்த இரண்டு நாளும் என்ன உடுப்பில் இருந்தார் என்று மாமியைக் கேட்டேன். சொல்லத் தேவையில்லை.

ஆகவே சேட். பலமில்லாத கை முதலில் சட்டைக்குள் போக வேண்டும், கழற்றும்போது அதே கை கடைசியாக வெளியே வர வேண்டும். இது பிசியோதெரபியில் சொல்லித் தந்தது, திருப்பிச் செய்தால் தோள் இழுபட்டு நோகும். நான் அதை விளங்கப்படுத்தத் தொடங்க மாமா சிரித்தார், துணி எப்படிப் போகும் வரும் என்று அவருக்கு நானா சொல்லிக் கொடுப்பது? பழைய சேட்டுகளில் கை நுழையும் இடம் அகலமான மூன்றை எடுக்கச் சொன்னார், தெறி ஓட்டைகளை ஒரு நூல் அளவுக்கு நீட்டி வெட்டி மாமியைக் கொண்டு ஓரம் கட்டுவித்தார். முதல் நாள் நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இடது பெருவிரலால் தெறியின் ஓரத்தைச் சரித்து, சுட்டுவிரலால் ஓட்டையை அதன் மேலே இழுத்து, நழுவ, மறுபடியும் சரித்து, ஒரு தெறிக்கு இரண்டு நிமிசத்துக்கு மேல். என் கை தன்பாட்டில் நீண்டது. தட்டிவிட்டார். கொப்பியில் இப்படி இருக்கிறது: 'வலது கையைச் சட்டைக்குள் விட அக்கா உதவி செய்யலாம். தெறியை நான் பூட்டுவன். பதினைந்து நிமிசம் எடுக்கும். அந்த நேரம் அக்கா தேத்தண்ணி குடிக்கலாம்.'

'உடுப்பு மாற்ற உதவி தேவை' என்று எழுதினால் வருகிறவர் முழுவதையும் செய்துவிட்டுப் போவார், செய்யச் செய்ய அந்த ஆளுக்கு இருக்கிற கொஞ்சமும் போய்விடும். எந்த இடம் வரைக்கும் அவர், எந்த இடத்தில் இருந்து மற்றவர் என்று அந்தக் கோட்டை எழுதுவதில்தான் எனக்கு நாள்க்கணக்கில் போனது.

குளிப்பு இதைவிடக் கஷ்டம். ஒரு பெண் தன்னைக் கழுவிவிடுவதை நினைத்து அவர் கூசினார், கழுவும் நேரம் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார் என்று அக்காவே சொன்னா. வீட்டுக்கு வந்து பார்க்க ஆண் ஒருவரைத் தேடினோம், கிடைக்கவில்லை. கடைசியில் எழுதியது: மடியில் எப்போதும் துவாய், முதுகும் காலும் அக்கா, மற்ற இடம் அவரே இடது கையால், அந்த நேரம் அக்கா மற்றப் பக்கம் திரும்பி நிற்பா, முடியாத நாளில் என்னைக் கூப்பிடுவது. வலது கால் மடிந்தால் பிடிக்கிற மாதிரி வலது பக்கத்தில் நிற்பது. தண்ணீரின் சூட்டை இடது கையில் ஊற்றிப் பார்ப்பது, வலது கைக்குச் சூடு சரியாகத் தெரியாது.

சனிக்கிழமை நல்லெண்ணெய் வைத்துக் கிணற்றடியில் முழுக வேண்டும் என்று பிறகு ஒரு நாள் சொன்னார். நான் உடனே ஏலாது என்றேன். எண்ணெய், ஈரச் சீமெந்து, ஒரு கால், விழுந்தால் இடுப்பு எலும்புதான். அவர் வாதாடவில்லை, முகத்தைச் சுவருக்குத் திருப்பிக்கொண்டார். மச்சாளிடம் சொல்ல, "ஏலாது எண்டு எழுத ஒரு நிமிசம், எப்படி ஏலும் எண்டு யோசி" என்றாள். யோசித்தோம். காலில் ரப்பர் போட்ட கதிரை, பிளாஸ்ரிக் கதிரை இல்லை. எண்ணெய் தலைக்கு மட்டும், அதுவும் திண்ணையிலேயே வைத்துத் துடைத்து, பிறகு கிணற்றடி. பாசியை முதல் நாளே தேய்த்துக் கழுவிவிடுவது, இரண்டு பேர் நிற்பது. விழக்கூடும் என்பது தனக்குத் தெரியும், தெரிந்துதான் கேட்கிறேன் என்று அவர் சொன்னதையும் எழுதி, இடது கைப் பெருவிரல் அடையாளம் வைத்தார்.

சாப்பாட்டில் மட்டும் அவர் விருப்பத்துக்கு விட முடியாத ஒன்று இருந்தது. விழுங்குவதில் சிக்கல், தண்ணியாக எதுவும் குடித்தால் புரையேறும், கெட்டியாகக் கொடுக்கச் சொல்லியிருந்தார்கள். கெட்டிதானே, ஒடியற் கூழைவிடக் கெட்டி உலகத்தில் உண்டா என்று எனக்கு ஒரே சந்தோசம். நல்லகாலம் கிளினிக்கில் கேட்டேன். கூழில் மீன், நண்டு, பயற்றங்காய், அதைச் சுற்றித் தண்ணி, துண்டும் தண்ணியும் ஒன்றாக வாய்க்குள் போவதுதான் இப்படிப்பட்டவருக்கு மிக மோசமாம். துண்டை மெல்லும்போதே தண்ணி தொண்டைக்குள் இறங்கிவிடும். கூழ் இல்லை என்று அவரிடம் சொன்ன அன்று அவர் கேட்டது: "மணம்... பாக்கலாமோ?" அதையும் எழுதினேன், வீட்டில் கூழ் காய்ச்சினால் அவரைக் குசினிக்குப் பக்கத்தில் இருத்துவது. நிமிர்ந்து இருந்துதான் சாப்பாடு, முடிந்து அரை மணித்தியாலம் படுக்கக் கூடாது என்பதெல்லாம் வழமையானது.

படுக்கைப்புண் பற்றி ஒன்று. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பிவிடுவது எல்லோருக்கும் தெரியும், தோல் சிவந்தால் கவனிக்கவும் என்று அச்சடித்த தாள்களில் இருக்கும். எங்கட கறுத்தத் தோலில் சிவப்பு எங்கே தெரியப்போகிறது? தொட்டுப் பார்க்க வேண்டும். சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாக, இறுக்கமாக, நிறம் கொஞ்சம் இருண்டு இருக்கிறதா என்று குதிக்கால், இடுப்பின் பின்பக்கம், முழங்கை எல்லாம்.

டொம் கிற்வூட் என்ற ஆங்கிலேயர் மறதி நோய் உள்ளவர்களைப் பற்றி 1990களில் எழுதியவர். அவர்களைச் சிறுமைப்படுத்தும் காரியங்கள் என்று அவர் ஒரு பட்டியல் போட்டார்: ஆளை வைத்துக்கொண்டே இல்லாததுபோல் கதைப்பது, அவர் வேகத்தை மிஞ்சி அவசரப்படுத்துவது, சின்னப்பிள்ளை மாதிரி நடத்துவது. இதையெல்லாம் செய்கிறவர்களுக்குக் கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை என்றும் சொன்னார். மாமாவுக்கு மறதி நோய் இல்லை, ஆனால் அந்தப் பட்டியலில் நான் செய்யாதது குறைவு. அக்காவும் பாசமாகத்தான் "அப்பு, வாயைத் திறவுங்கோ" என்று சொல்லிவந்தா. அப்பு என்றால் அவருக்குப் பத்தி எரியும், எழுபத்தொரு வயது ஒரு வயதா? 'என்னை ஐயா என்று கூப்பிடவும்' என்று இரண்டாம் வரி.

மூன்று மாதத்துக்கு ஒருக்கால் திருத்துவது என்று வைத்திருக்கிறோம். போன கிழமை கொப்பியைத் திறந்தோம். தெறிக்குப் பதினைந்து நிமிசம் என்பதை வெட்டி ஒன்பது என்று போடச் சொன்னார், மணிக்கூட்டைப் பார்த்துத்தான் சொல்கிறாராம். கழுத்துத் தெறியையும் பூட்டுவதா என்று எழுத வேண்டுமே என்று கேட்டேன். யோசித்தார், நான் பேசாமல் இருந்தேன்.

"அது... பூட்டாத. நான் என்ன... கலியாணவீட்டுக்கோ போறன்?"