ஈ-யில் மீன் இல்லை

கடைக்கணக்கு பார்க்கும் ஒரு சின்ன மென்பொருளை எழுதி முடிக்க எங்கள் நான்கு பேருக்கு ஏழு மாதம் ஆனது. அதற்குப் பெயர் வைக்க இன்னும் இரண்டு மாதம்.

முதலில் எல்லோருக்கும் பிடித்த பெயர் 'நாழி'. பழைய அளவைப் பெயர், மளிகைக்கடைக்குப் பொருத்தம், கூப்பிடவும் சுலபம். ஆங்கில எழுத்தில் எழுதி புனேயில் இருக்கும் நண்பருக்கு அனுப்பினேன். உடனே போன் வந்தது. "என்னப்பா, நாஜி என்றா பெயர் வைப்பீர்கள்?" ழகரம் தெரியாதவர் வாயில் அது அப்படித்தான் வரும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்றோடு நாழி போனது.

அடுத்த பெயருக்கு டொமைன், அதாவது இணைய முகவரி, கிடைக்கவில்லை. அதற்கடுத்ததை ட்ரேட்மார்க் தளத்தில் தேடினோம். எழுத்துக்கு எழுத்து அதே பெயர் இல்லை என்று சந்தோஷப்பட்டது கொஞ்ச நேரம்தான். ஒலியை வைத்துத் தேடும் வசதியும் அங்கே உண்டு. அதில் போட்டதும், பொருள்களை வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கும் அந்தப் பதிவேட்டில் மென்பொருள் வரும் 9-ஆம் வகுப்பிலேயே, காதில் விழுந்தால் நம்முடையதுதான் என்று தோன்றும் ஒரு பெயர் நின்றது. விட்டுவிட்டோம். ஆன்லைனில் பெயரைப் பதிய, எங்களைப் போன்ற சின்ன ஆட்களுக்கு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். கட்டிய பிறகு தெரிந்திருந்தால் வயிறு எரிந்திருக்கும்.

மொஸில்லாவே இதில் இரண்டு முறை இடறியிருக்கிறது. 2002-இல் அவர்களுடைய பிரவுசரின் பெயர் ஃபீனிக்ஸ். கம்ப்யூட்டரைத் தொடக்கிவைக்கும் பயாஸ் மென்பொருளைச் செய்யும் ஃபீனிக்ஸ் நிறுவனத்தால் சிக்கல் வர, 2003-இல் ஃபயர்பேர்ட் ஆனது. அந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு டேட்டாபேஸ் மென்பொருள் இருந்தது, அவர்கள் சண்டைக்கு வந்தார்கள். 2004 பிப்ரவரியில்தான் ஃபயர்ஃபாக்ஸ். இதைப் படித்த பிறகு எங்கள் இரண்டு மாதம் பெரிதாகத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு பெயர் அமைந்தது. சொன்னால் விளம்பரமாகிவிடும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். டெபியன் என்ற இயங்குதளத்தைச் செய்பவர்கள் ரிலீஸுக்கு 'டாய் ஸ்டோரி' படப் பாத்திரங்களின் பெயரை வைக்கிறார்கள், உபுண்டு என்ற இன்னொரு இயங்குதளத்தில் அகரவரிசைப்படி விலங்குகள் வருகின்றன, நாமும் ரிலீஸுக்கு ரிலீஸ் மீன் பெயர் வைப்போம் என்றேன். அயிரை, ஆரல், இறால். (இறால் மீனே இல்லை என்று ஒருவன் இன்றுவரை சொல்லிக்கொண்டிருக்கிறான்.)

ஒரு நாள் மளிகைக்கடை அண்ணாச்சி ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ஆரல் போட்டதிலிருந்து பில் அடிக்க மாட்டேங்குது." இறால் போடுங்கள், சரியாகிவிடும் என்றேன். "ரெண்டுல எது புதுசு?" என்றார். அகரவரிசை அண்ணாச்சி, ஆவன்னாவுக்கு அப்புறம் இனா என்று விளக்கினேன். மறுமுனையில் சத்தமே இல்லை. அப்புறம், "நம்பரா சொல்லிடுங்க தம்பி."

அடுத்தது ஈ. எங்கள் நான்கு பேருக்கும் ஈ-யில் ஒரு மீன் பெயரும் தெரியவில்லை. 2004 அக்டோபரில் வந்த முதல் உபுண்டுவுக்கு 4.10 என்று எண் கொடுத்தது போல, ஆண்டையும் மாதத்தையும் போட்டு வெளியிட்டோம்.

அண்ணாச்சிதான் முதலில் கூப்பிட்டார். "போட்டாச்சு தம்பி, பில் நல்லா வருது. இது என்ன மீன்?"