படிச்ச மேத்ஸ் வேலைல எங்க வருது?

டீம்ல புதுசா சேர்றவங்க எல்லாருமே என்னைக்காவது ஒருநாள் இதைக் கேட்டுடுறாங்க, கம்ப்யூட்டர் சயின்ஸ் டிகிரில இவ்ளோ மேத்ஸ் எதுக்கு, வேலைக்கு வந்தப்புறம் ஒரு இன்டக்ரேஷன்கூட போடலயேன்னு. உண்மைதான், நானும் பேக்எண்ட் (சர்வர்ல ஓடுற கோடு எழுதுற) வேலைல பேப்பர் எடுத்து இன்டக்ரேஷன் போட்டதில்ல. ஆனா அதை வச்சு மேத்ஸே தேவையில்லன்னு சொல்றதை மட்டும் ஏத்துக்க முடியல.

ஒரு டிசைன் ரிவ்யூல நடந்ததைச் சொல்றேன். ஒவ்வொரு ஆர்டருக்கும் 32 பிட் ரேண்டம் நம்பர் ஒண்ணை அடையாள எண்ணா குடுத்துடலாம், மொத்தம் 429 கோடி நம்பர் இருக்கு, நமக்கு வரப்போறது சில லட்சம் ஆர்டர்தான், ரெண்டு ஆர்டருக்கு ஒரே நம்பர் எப்படி விழும்னு ஒருத்தர் சொன்னார், கேக்க நியாயமாத்தான் இருந்துச்சு. அப்பதான் படிப்ப முடிச்சு வந்திருந்த ஒரு பொண்ணு, இது பர்த்டே ப்ராப்ளம் மாதிரி இருக்கேன்னாங்க. ஒரு ரூம்ல 23 பேர் இருந்தா யாராவது ரெண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் வர்றதுக்கு பாதிக்கு மேல வாய்ப்பு, ஏன்னா ஆள் 23தான், ஜோடி 253. அவங்க போர்டுல போட்டுக் காட்டினாங்க, 32 பிட்டுக்கு சுமார் 77,000 ஆர்டர் வந்தாலே எங்கயாவது ஒரு மோதல் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு, ஒரு லட்சம்னா கிட்டத்தட்ட 69 சதவீதம். பேச்சு அங்கயே முடிஞ்சுது, 128 பிட்டுக்கு மாத்திட்டோம். அந்த ஃபார்முலாவ யாரும் மனப்பாடமா வச்சிருக்க வேணாம், தேடினா கிடைக்கும், ஆனா இந்த எடத்துல தேடணும்னு தோணணும்ல, அந்தத் தோணல்தான் கிளாஸ்ல கிடைக்குது.

சர்வர் லோடும் இப்படித்தான். 80 சதவீதம்தான் ஓடுது, இன்னும் 15 ஏத்தலாமேன்னு மீட்டிங்ல ரொம்ப சுலபமா சொல்லிடுவாங்க. ரிக்வெஸ்ட் தாறுமாறா வர்ற ஒத்தை சர்வரை வச்சு எளிமையான க்யூயிங் மாடல்ல, அதாவது வரிசைல காத்திருக்குற நேரத்தைப் போடுற கணக்குல பாத்தா, 80ல ஒரு ரிக்வெஸ்ட் முடிய ஆகுற மொத்த நேரம் சும்மா இருக்குற சர்வர்ல ஆகுறதைவிட 5 மடங்கு, 90ல 10 மடங்கு, 95ல 20 மடங்கு. டென்மார்க் கணித அறிஞர் எர்லாங் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்காக 1909லயே ஆரம்பிச்ச கணக்கு இது, இன்னைக்கும் அப்படியே பொருந்துது.

என் வருத்தம் சிலபஸ் மேல இல்ல, சொல்லித்தர்ற விதத்து மேலதான். லாப்லாஸ் ட்ரான்ஸ்ஃபார்ம ஸ்டெப் மார்க்குக்காக வரி வரியா எழுத வைக்கிறாங்க, ப்ராபபிலிட்டி கடைசி யூனிட்டா மாட்டிக்கிட்டு ரெண்டு வாரத்துல ஓடிடுது. மேத்ஸ் டிபார்ட்மெண்ட்டும் ப்ரோக்ராமிங் லேபும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிறதே இல்ல. இன்டக்‌ஷன் நிரூபணத்துல அடிப்படை நிலை, அடுத்த படின்னு எழுதுறோம்ல, ரிகர்ஷன், அதாவது தன்னையே திரும்பக் கூப்பிடுற ஃபங்ஷன், சரியா வேலை செய்யும்னு நம்புறதுக்கு காரணமே அதுதான், இதை எத்தனை கிளாஸ்ல சொல்லியிருப்பாங்க? மேட்ரிக்ஸ் பெருக்கலும் அதே கதிதான், இப்போ மிஷின் லேர்னிங் பக்கம் போறவங்களுக்கு வெக்டார், டாட் ப்ராடக்ட் இல்லாம ஒரு நாள் ஓடாது, ஆனா அவங்க படிச்சப்போ அது வெறும் எண் கட்டம். பர்த்டே ப்ராப்ளம் நடத்துன அதே வாரத்துல லேப்ல ஒரு லட்சம் தடவை சிமுலேட் பண்ணிப் பாக்க வச்சா போதும், பத்து வரி கோடுதான், வர்ற விடையையும் ஃபார்முலாவையும் பக்கத்துல வச்சுப் பாத்த பையன் அதை மறக்கவே மாட்டான்.

எங்க டீம் ஜூனியர்ஸ் இப்ப எதைத் திரும்பப் படிக்கலாம்னு கேட்டா நான் முதல்ல ப்ராபபிலிட்டி, அப்புறம் டிஸ்க்ரீட் மேத்ஸ் (லாஜிக், கிராஃப் மாதிரி), அப்புறம் லீனியர் அல்ஜீப்ரான்னு சொல்வேன். கால்குலஸ் தேவைப்படுறப்போ பாத்துக்கலாம், மாடல் ட்ரெயினிங் பக்கம் போறவங்க மட்டும் அதை முன்னாடி கொண்டு வந்துக்கணும்.