மொட்டைமாடியில் மக்கரேனா

ஜனவரி 4

தெருவின் காணும் பொங்கல் விழாவுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. பழைய வண்ணாரப்பேட்டை வீட்டு மொட்டைமாடியில் அக்கா எட்டுப் பிள்ளைகளை நிறுத்தி, ‘மக்கரேனா’ என்ற ஸ்பானியப் பாட்டின் ஆட்டத்தைப் பழக்குகிறாள். பள்ளி ஆண்டு விழாவில் அவள் ஆடியது. கை மறக்கவே இல்லை: கவிழ்த்து நீட்டு, மலர்த்து, எதிர்த் தோள், பிடரி, இடுப்பு, ஒரு குலுக்கு, ஒரு துள்ளல், கால்வாசி வட்டமாய் ஒரு திரும்பல். எல்லோரும் இடப்பக்கம் திரும்ப, கடைசிப் பையன் தவறாமல் வலப்பக்கத் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துத் திரும்புகிறான்.

ஜனவரி 7

காசிமேட்டில் வஞ்சிரம் விலை கேட்கும்போதும் வாய் அந்தப் பாட்டையே முணுமுணுத்தது. மீன்காரம்மா சிரித்துவிட்டார். சரி, அதன் பூர்வீகத்தைப் பார்த்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

பாடிய ‘லோஸ் டெல் ரியோ’ இருவரும் ஸ்பெயினில் செவில் நகரை அடுத்த ஊர்க்காரர்கள்; அப்போதே நாற்பதைத் தாண்டியவர்கள். 1992இல் வெனிசுவேலாவில் ஒரு விருந்து. அங்கே ஃபிளமெங்கோ என்ற ஸ்பானிய நடனம் ஆடிய பெண்ணைப் பார்த்துச் சொக்கிப்போன, இருவரில் ஒருவரான அந்தோனியோ ரொமேரோ, நின்ற இடத்திலேயே இட்டுக்கட்டிய வரிதான் பல்லவியானது. மக்கரேனா அவர் மகளின் பெயர். செவில் மக்கள் கொண்டாடும் மாதாவின் பெயரும் அதுவே. ராயபுரத்தில் பிள்ளைக்கு வேளாங்கண்ணி என்று வைப்பதுபோல.

1993இல் வெளிவந்த பாட்டை உலகம் முழுக்கக் கொண்டுபோனவர்கள் அமெரிக்காவின் மயாமி நகரத்து ‘பேசைட் பாய்ஸ்’ இசைக் குழுவினர். 1995இல் ஆங்கில வரிகளைச் சேர்த்து, தாளத்தை முறுக்கினார்கள். இடையில் கேட்கும் பெண் சிரிப்புகூட ‘யாஸூ’ குழுவின் பழைய பாட்டிலிருந்து வெட்டி ஒட்டியது! மறுவருடம் அமெரிக்கப் பட்டியலில் 14 வாரம் முதலிடம். ஒட்டுப்போட்ட சட்டைக்குத்தான் மவுசு.

ஜனவரி 9

பாட்டின் பொருளை அக்காவிடம் சொல்லித் தொலைத்தேன். காதலன் பட்டாளத்தில் கொடிக்கு முன்னால் உறுதிமொழி எடுக்கிற நேரத்தில், மக்கரேனா அவனுடைய நண்பர்கள் இருவரோடு கூத்தடிக்கிறாள். அக்கா முறைத்தாள்.

“இதற்கா கன்னியாஸ்திரீகள் முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார்கள்? பிள்ளைகளின் அம்மாக்களிடம் வாயைத் திறக்காதே.”

திறக்கவில்லை.

ஜனவரி 17

மேடை விளக்கு எரிந்ததும் கடைசிப் பையன் உறைந்துவிட்டான். 1996இல் சிகாகோவில் நடந்த ஜனநாயகக் கட்சி மாநாட்டில் அமெரிக்கத் துணை அதிபர் அல் கோர், தன் பாணி மக்கரேனா இது என்று சொல்லி மரம்போல நின்றார். பிறகு, இன்னொரு முறை காட்டவா என்று கேட்டார். அது நினைவுக்கு வந்து நான் சிரிக்க, பையனின் அம்மா திரும்பிப் பார்த்தார்.

துள்ளல் வந்தபோது பையனுக்கு உயிர் வந்தது. ஏழு பேர் இடப்பக்கம் திரும்பினார்கள். அவன் வலப்பக்கம், இல்லாத தண்ணீர்த் தொட்டியை நோக்கி.